எட்டாத ஸ்விட்ச்

"தம்பீ, ஓடி வா!" என்று அண்ணன் மனைவியான மைனியின் சத்தம் கேட்டபோது, நான் என் விளையில் பழைய பவர் டில்லரின் கியர் பாக்ஸைத் திறந்து வைத்திருந்தேன். கிரீஸ் கையோடு வேலி தாண்டி ஓடினேன்.

செங்கல் என்ற ஊருக்குப் பக்கத்தில் அண்ணன் விளையும் என் விளையும் அடுத்தடுத்து. அண்ணன் லாரி ஓட்டி ஓய்ந்தவர். நான் பஸ் ஒர்க்ஷாப்பில் ஃபிட்டர். இரண்டு தோட்டத்திலும் கொஞ்சம் ரப்பர், கொஞ்சம் மரச்சீனிக் கிழங்கு. பழைய மெஷின்களை வாங்கி நாங்களே ரிப்பேர் செய்வோம்.

"துருப்பிடிச்ச இரும்பைக் கண்டா ரண்டு பேருக்கும் கல்யாண வீட்டைக் கண்ட மாதிரி ஆக்கும்" என்பார் மைனி.

உறைந்த ரப்பர் பாலை அழுத்தி ஷீட் ஆக்கும் ரோலரும் அப்படி வந்ததுதான். கையால் சுற்றுவது. அண்ணன் சுற்றுவார், மைனி கட்டியை உருளைக்குள் கொடுப்பார். அண்ணனுக்குத் தோள்வலி வந்தபின் பழைய மோட்டார் ஒன்றைச் சரிசெய்து, பெல்ட் போட்டு மாட்டினார். ஸ்விட்சைத் தள்ளிக் கதவோரம் வைத்தார்.

"ரோலர் பக்கம் எப்பவும் தண்ணி உண்டு. அவளுக்கு ஷாக் அடிச்சா நான் என்னலே செய்வேன்?"

எனக்கும் அது சரியாகத்தான் பட்டது.

மைனி கூப்பிட்ட அன்று அண்ணன் கடைக்குப் போயிருந்தார். ஷெட்டுக்குள் பெல்ட் கருகும் வாடை. மைனியின் வலதுகை உருளைகளுக்கு நடுவே இருந்தது. கை சிக்கியதில் உருளை நின்றுவிட்டது, மோட்டார் நிற்கவில்லை. இடதுகையைக் கதவுப் பக்கம் நீட்டியபடி நின்றார். நான் ஸ்விட்சை அணைத்தேன்.

"பேடிக்காதீங்க மைனி. இப்ப எடுத்திரலாம்."

"பைய தம்பி... எனக்க ஏசுவே, பைய."

உருளையை அகற்றும் ஸ்க்ரூ இரண்டும் துருவில் இறுகிக் கிடந்தன. ஸ்பானரில் பைப்பைச் செருகி மிதித்தேன். மிதிக்கும்போதெல்லாம் அவர் அலறினார். மிதிக்காமல் இருக்கவும் முடியாது. கை வந்ததும் துண்டில் சுற்றி, ஆட்டோவில் நெய்யாற்றின்கரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். மூன்று விரல்களை எடுத்துவிட்டார்கள்.

கட்டிலோரம் நின்று அண்ணன் அழுதார். "எல்லாம் கர்த்தருக்க சித்தம்."

மைனி கண்ணைத் திறந்தார். "கர்த்தர இதுல இழுக்காதீங்க. ஸ்விட்ச் எட்டல்ல. அவ்வளவுதான்."

"உனக்கு ஷாக் அடிக்கப்பிடாதேன்னுதான்..."

"தெரியும்" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். நான் இன்றும் ஜெபம் பண்ணித்தான் மெஷினை ஓட்டுவேன். ஆனால் ஜெபத்துக்கு முன்னால், வேலை செய்கிறவர் நிற்கும் இடத்தில் போய் நிற்பேன். ஒரு கை உள்ளே மாட்டிக்கொண்டதாக நினைத்து, மற்ற கையை நீட்டிப் பார்ப்பேன். தண்ணீர் தெறிக்கும் என்றால் ஸ்விட்சுக்கு மூடி போடலாம். கை எட்டவில்லை என்றால் அந்த மெஷினை ஓட்டமாட்டேன்.