அரியரட்ணத்துக்கு விழாத வாக்கு

வெஸ்ட் வின்ட்சர் ரயில் நிலையத்தருகே, ஒரு பல் மருத்துவமனையின் மாடியில் இருந்தது வக்கீல் அரியரட்ணத்தின் அலுவலகம். யாழ்ப்பாணத்தில் வக்கீலாக இருந்தவர், அமெரிக்கா வந்து நரைத்த தலையோடு மறுபடியும் சட்டம் படித்தார். ஊரில் உள்ளவர்களுக்கெல்லாம் குடியுரிமை வாங்கித் தருவது அவர் தொழில். அவர் மனைவி பத்மராணி மட்டும் குடியுரிமை பெறவில்லை. பிள்ளைகளும் இல்லை.

1997இல் நியூ ஜெர்சி சட்டமன்றத் தேர்தலில் நின்றார். நவராத்திரி விழாவில், "எனக்கு ஆர் ஆர் வோட் போடுவியள்?" என்றார். அத்தனை கைகளும் உயர்ந்தன. நெகிழ்ந்துபோனார்.

சென்னைக்காரி ஷ்யாமளா அருகில் வந்தாள். "கை மட்டும்தான் அங்கிள் தூக்க முடியும். நாங்கல்லாம் கிரீன் கார்டு, ஓட்டு கிடையாது. ரெண்டு வருஷத்துல ஊருக்குத் திரும்பிடுவோம்னு சிட்டிசன்ஷிப் அப்ளை பண்ணவே இல்ல."

"எத்தனை வருஷமா இந்த ரெண்டு வருஷம், பிள்ளை?"

"பதினொரு வருஷமா அங்கிள்."

அவரும் சேர்ந்து சிரித்தார்.

தோற்ற அன்று, போட்டிருந்த கோட்டைக் கழற்றாமல் சமையலறையில் நின்றார்.

"அடுத்தமுறை நிக்கேக்க, என்ர வீட்டிலயாவது ஒரு வோட் இருக்கட்டும் பத்மா. நீர் சிட்டிசன் ஆகும்."

"என்ர நாட்டை விட்டிட்டன் எண்டு சத்தியம் பண்ணச் சொல்லுறியளோ? பிறகு என்ர தம்பியை எந்த வாயால தேடுறது?"

அவள் தம்பி இலங்கைப் போரில் காணாமல் போய் ஏழு ஆண்டுகள். அரியரட்ணம் விளக்கை அணைத்துவிட்டுப் படுக்கப் போனார். பிறகு ஒருநாளும் கேட்கவில்லை.

இரண்டு ஆண்டு கழித்து மறுபடி நின்றார், மறுபடி தோற்றார். அந்தக் குளிர்காலத்தில், அலுவலகப் படிக்கட்டிலேயே அவர் இதயம் நின்றது.

தனித்த வீட்டில் பத்மராணிக்கு அப்போதுதான் உறைத்தது. வராத தம்பிக்காகக் காத்திருந்தவள், தினமும் வீட்டுக்கு வந்தவரைக் காக்கவைத்துவிட்டாள். அழுதுகொண்டே விண்ணப்பித்தாள். அழுதுகொண்டே சத்தியம் செய்தாள்.

2001 நவம்பரில் அவளுக்கு முதல் வாக்கு. போட்டியிடுபவர்களில் எவரையும் அவளுக்குத் தெரியாது. பட்டியலில் இல்லாத பெயரையும் எழுதலாம் என்று சாவடியில் இருந்த வெள்ளைக்காரப் பெண் இடத்தைக் காட்டினாள். கணவர் பெயரை முழுதாக எழுதினாள்.

காருக்குத் திரும்பியதும் பக்கத்து இருக்கையைப் பார்த்தாள்.

"போட்டிட்டனப்பா," என்றாள்.