கோணேசர் கோயிலும் ஒரு தட்டு வடையும்

1968 மார்ச் 9, சனிக்கிழமை. ஐந்து மணிக்கு எழுந்து சவரம் செய்து, வெளுத்த வேட்டி உடுத்தேன். வழக்கம்போல சைக்கிளைத் துடைத்து வைத்தேன், அன்று அதில் போகும் வேலை இல்லாவிட்டாலும்.

யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு தாயும் மகனும் முதல்நாளே வந்து எங்கள் வீட்டில் தங்கியிருந்தார்கள். அயலவர்களுக்கு, கோணேசர் கோயில் பார்க்க வந்தவர்கள் என்று சொல்லியிருந்தோம். அவர்கள் வந்தது என் தங்கையைப் பார்க்க. அவளுக்கு முப்பத்து மூன்று வயது. சிறுவயதுக் காய்ச்சலுக்குப் பிறகு இடது கால் சற்று இழுக்கும். இதுவும் சரிவராவிட்டால் இனித் தன்னால் ஏலாது என்று தரகர் கைவிரித்திருந்தார். தங்கைக்கும் அது தெரியும்.

கோட்டை வாசலால் நுழைந்து, கோயில் இருக்கும் மலையில் ஏறினோம். அந்த அம்மா விறுவிறென்று முன்னால் போய், மேலே கடலுக்கு முதுகு காட்டி நின்று, தங்கை ஏறி வருவதையே பார்த்துக்கொண்டிருந்தார். பூசை முடிந்ததும் பசிக்கிறது என்றார். துறைமுகப் பக்கத் தெருவில் கீழே கடையும் மேலே குடியிருப்புமாக ஒரு பழைய மாடிக் கட்டடம், கோப்பி நன்றாயிருக்கும். அங்கே கூட்டிப்போனேன்.

எங்கள் கடைகளில் கேட்காமலே ஒரு தட்டு நிறைய வடையும், வாழைப்பழம் பிசைந்து பொரித்த வாய்ப்பனும் கொண்டுவந்து வைப்பார்கள். தின்றதற்கு மட்டும் காசு; மிச்சம் கண்ணாடிப் பெட்டிக்குத் திரும்பிவிடும். அந்த அம்மா ஒவ்வொரு வடையாக விரலால் அமுக்கிப் பார்த்து வைத்தார். இடையில் தங்கையை எழுப்பித் தண்ணீர் எடுத்துவரச் சொன்னார். அவள் வந்து உட்கார்ந்ததும் சீனி கேட்டார். அடுத்த மேசைக்காரர்களும் அவள் நடையைப் பார்க்கத் தொடங்கினார்கள். மகன் தலையைக் குனிந்தபடி தின்றுகொண்டிருந்தார்.

"தரகர் கொஞ்சம் எண்டுதான் சொன்னவர், தம்பி," என்றார் அந்த அம்மா, தங்கைக்குக் கேட்கும்படியே.

அவள் தைத்துச் சம்பாதிப்பதையும், வீட்டு வேலை முழுவதும் அவள் கையால் நடப்பதையும் சொன்னேன்.

"அது சரி. தட்டிலை வைச்ச எல்லாத்தையும் தின்னவேணுமெண்டு இல்லைத்தானே."

தங்கை அவர் அமுக்கி வைத்த வடைகளில் ஒன்றை எடுத்துக் கடித்தாள்.

"மிச்சத்தையும் ஆராவது தின்னத்தானே வேணும், மாமி."

"பாவம், நல்ல பசி போலை. நடந்த களை."

மகனும் சிரித்துவிட்டார். சம்பந்தப் பேச்சு அந்தச் சிரிப்போடு முடிந்தது.

வெளியே வந்ததும், கன்னியா வெந்நீர்க் கிணறுகளைப் பார்க்காமல் போகமாட்டோம் என்றார்கள். வீட்டுக்கு வந்தவர்களைப் போகச் சொல்ல முடியாது. இரவு தங்கை புட்டு அவித்தாள். அந்த அம்மா இரண்டாம் தரமும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

மறுநாள் விடிந்ததும் தங்கை முதலில் அலுமாரியைத் திறந்தாள். கலியாணத்துக்கென்று வாங்கி மடித்து வைத்திருந்த புதுத் துவாய்கள் இரண்டை எடுத்து, கன்னியாவில் குளிக்கப் புறப்பட்டு நின்றவர்களிடம் துவட்டக் கொடுத்தாள்.