யாரும் படுக்காத விரிப்புகள்

எங்கள் சந்தில் எந்த வீட்டில் எத்தனை பேர் தங்கியிருக்கிறார்கள் என்று அறிய யாரும் கதவைத் தட்ட வேண்டியதில்லை. அண்ணாந்து பார்த்தால் போதும். கொடியில் இரண்டு வெள்ளை விரிப்பு தொங்கினால் ஓர் அறைக்கு ஆட்கள் வந்து போயிருக்கிறார்கள். நான்கு என்றால் இரண்டு அறை. ஷிபெனிக் என்ற கடலோர நகரத்தின் பழைய பகுதியில் அறை வாடகைக்கு விடும் பெண்கள் காலையில் எழுந்ததும் முதலில் பார்ப்பது அடுத்தவள் கொடியைத்தான். வானத்தை அப்புறம் பார்த்துக்கொள்வார்கள்.

என் சித்தி விங்கா காபிக் கோப்பையைக் கையில் பிடித்தபடி இரண்டாம் மாடி ஜன்னலில் நின்று இந்த வேலையைச் செய்வாள். எதிர் ஜன்னல் பெரினாவுடையது. நடுவில் எட்டடி அகலம்கூட இல்லாத சந்து. சித்தியின் கொடிக்கயிறு ஓடும் கப்பி பெரினாவின் சுவரில் அடிக்கப்பட்டிருக்கிறது. பெரினாவின் கப்பி சித்தியின் ஜன்னலுக்குப் பக்கத்தில். கயிற்றை இழுத்தால் துணி நகர்ந்து எதிர்வீடு வரைக்கும் போகும். ஒருத்தியின் சுவர் இல்லாமல் இன்னொருத்தி ஒரு கைக்குட்டைகூடக் காயப்போட முடியாது. இருவருக்கும் இது தெரியும். அதனாலேயே தினமும் முகம் கொடுத்துப் பேசிக்கொள்வார்கள்.

இருவரும் ஒரே பள்ளி, ஒரே வகுப்பு. பிறகு அலுமினிய ஆலையின் கேண்டீனில் பக்கத்துப் பக்கத்து அடுப்பு. ஆலை ஆட்களைக் குறைத்தபோது ஒரே வாரத்தில் வீட்டுக்கு வந்தார்கள், ஒரே கோடையில் மாடி அறைகளை வாடகைக்கு விட ஆரம்பித்தார்கள். பேருந்து நிலையத்தில் ‘அறை’ என்று எழுதிய அட்டையைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். வண்டி நின்றதும் சித்தி கூவிக்கொண்டு முன்னால் ஓடுவாள். பெரினா நின்ற இடத்திலேயே சிரித்துக்கொண்டிருப்பாள். ஓடியவளைவிடச் சிரித்தவளுக்கே ஆள் அதிகம் கிடைத்தது. முப்பது வருடமாகியும் சித்திக்கு அது ஆறவில்லை.

இப்போது அட்டையும் இல்லை, கூவலும் இல்லை. எல்லாம் போனில். பெரினாவின் வீட்டுக்குத் தங்கிப் போனவர்கள் போட்ட மதிப்பெண் பத்துக்கு ஒன்பது புள்ளி நான்கு. சித்திக்கு எட்டு புள்ளி ஏழு. அந்த எட்டு புள்ளி ஏழுக்குக் காரணமான விமர்சனம் சித்திக்கு மனப்பாடம். ‘வீட்டுக்கார அம்மா அன்பானவர், ஆனால் சாப்பிட்டீர்களா என்று ஒரு நாளைக்கு மூன்று முறை கேட்கிறார்.’

“ஆனாலாம்!” என்பாள் சித்தி. “அதுல எங்கடி வந்துச்சு இந்த ஆனால்?”

ஆறு வருடம் திராட்சைத் தோட்டம், விடுதி வரவேற்பு மேசை, கப்பல் சமையலறை என்று வெளியூர்களில் வேலை பார்த்துச் சுற்றிவிட்டு ஆகஸ்ட் கடைசியில் நான் திரும்பினேன். சித்தி கட்டிப்பிடித்து அழுதாள், மத்தி மீன் வறுத்துப் போட்டாள். பிறகு படுக்கக் கொண்டுபோய் விட்டது சாமான் அறையில், அத்திப்பழ ஜாம் ஜாடிகளுக்கு நடுவே ஒரு மடக்குக் கட்டில். கடல் தெரியும் முன்னறை பூட்டிக் கிடந்தது.

“அது ஹவெல்காவோடது. ஒண்ணாம் தேதி வந்துருவாங்க,” என்றாள்.

செக் நாட்டு ஹவெல்கா தம்பதி பதினேழு வருடமாக செப்டம்பர் முதல் தேதி வந்து இரண்டு வாரம் தங்குகிறவர்கள். ஊரிலிருந்தே டின் உணவு, ரொட்டி, சலாமி எல்லாம் காரில் அடைத்துக் கொண்டுவந்து, இங்கே ஓர் ஐஸ்கிரீமுக்கு மேல் எதுவும் வாங்காதவர்கள். அந்த அம்மாள் க்வேதா தன் தலையணை உறையைக்கூடக் கொண்டுவருவாள். நீலக் கட்டம் போட்ட பெரிய சதுர உறை. அவர்களுக்கு முன்னறை, சொந்த அக்கா மகளுக்கு ஜாடி அறை. எனக்குப் பொறாமையாகத்தான் இருந்தது. அதை மறைக்கவும் போவதில்லை, இந்தக் கதையில் பொறாமைப்படாதவர் யாரும் கிடையாது.

ஒண்ணாம் தேதி அவர்கள் வரவில்லை. ஐந்தாம் தேதியும் வரவில்லை. கடிதமும் இல்லை, போனும் இல்லை.

ஏழாம் தேதி காலை சித்தி இஸ்திரி போட்டு, லாவெண்டர் வைத்து மடித்திருந்த விரிப்புகளை அலமாரியிலிருந்து எடுத்து உதறி வாஷிங் மெஷினில் திணிப்பதைப் பார்த்தேன்.

“சித்தி, அதுல யாரும் படுக்கவே இல்லையே.”

“இல்லதான்.”

“அப்புறம் எதுக்குத் துவைக்கிற?”

“மேல பாரு. அவ ஆறு தொங்கவிட்டிருக்கா. நான் வெறுங்கொடியோட நிக்கணுமா?”

ஜன்னலுக்கு வந்து பார்த்தேன். ஆறு விரிப்பு. அதோடு சித்தியின் ஜன்னலிலிருந்து கை நீட்டினால் தொடுகிற தூரத்தில், பெரினாவின் கயிற்றின் இந்த முனையில், ஒரு நீலக் கட்டம் போட்ட தலையணை உறை.

“நாலு நாளா தொங்குது,” என்றாள் சித்தி. குரல் இறங்கிவிட்டது. “அவங்க அவ வீட்லதான் இருக்காங்க. பின்வாசல் வழியா கோயில் பக்கம் போய்வர்றாங்க, என் மூஞ்சியில முழிக்க வெக்கப்பட்டுக்கிட்டு. பதினேழு வருஷம்டி. அந்தம்மாவுக்குக் கால் வீங்கினப்ப உப்புத்தண்ணி வச்சு நீவி விட்டது யாரு? ஒம்பது புள்ளி நாலா?”

“போன் பண்ணிக் கேட்டுரலாமே.”

“நான் ஏன் கேக்கணும்? புருஷன் எங்கன்னு ஊரெல்லாம் விசாரிக்கிறவ மாதிரி?”

அப்போதுதான் அவளுக்கு அந்த யோசனை வந்தது. கோப்பையை வைத்துவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

“நீ ஊர் ஊரா மலிவா தங்கினவதானே?”

அன்று காலை முழுவதும் சமையலறை மேசையில் உட்கார்ந்து, எட்டடி தள்ளியிருக்கும் வீட்டில் நான் தங்குவதற்குத் திட்டம் போட்டோம். எத்தனையோ பழைய நகரங்களில் தங்க இடம் தேடியிருக்கிறேன். வாரக் கடைசியைத் தவிர்க்க வேண்டும், கோயிலின் முன்பக்கத்தை விட்டுப் பின்பக்கத் தெருவில் தேட வேண்டும், மூன்று இரவு என்று சொல்லிப் பேரம் தொடங்க வேண்டும், காசு கொடுக்கும் முன் குளியலறையைப் பார்க்க வேண்டும். இதையெல்லாம் சொன்னேன். சித்திக்கு வேறு கவலைகள் இருந்தன.

“முப்பத்தஞ்சு யூரோவுக்கு மேல ஒரு காசு குடுக்காத. என் காசு அவ கைக்குப் போகுதுன்னு நினைச்சாலே வயிறு எரியுது. காலைச் சாப்பாடு வேணும்னு சொல்லு.”

“அதுக்குத் தனிக் காசாச்சே சித்தி.”

“போனா போகுது. என்ன ஜாம் வைக்கிறான்னு தெரியணும். கடையில வாங்கின ஜாமாத்தான் இருக்கும். அப்புறம், அந்தப் பெரிய பையைத் தூக்கிட்டுப் போ.”

“மூணு நாளைக்கு எதுக்கு அது?”

“சந்துல எல்லாரும் பாக்கணும். விங்கா வீட்ல ஆள் நிரம்பி வழியுது, சொந்தப் பொண்ணுக்கே இடமில்லன்னு.”

“அங்க இடம் இல்லைன்னா?”

“இல்லைன்னு சொல்லட்டும். மாடிப்படியில யாரு செருப்பு கிடக்குன்னு மட்டும் பாத்துட்டு வா. அந்தாளு செருப்பு பழுப்பு, குதிகால் தேஞ்சது.”

மத்தியானம் பெரிய பையோடு சந்தைக் கடந்தேன். பெரினா கதவைத் திறந்து பையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், பிறகு தலையைத் தூக்கி சித்தியின் கொடியில் சொட்டிக்கொண்டிருந்த நான்கு விரிப்புகளைப் பார்த்தாள்.

“என்ன நிவெஸ், துரத்திட்டாளா?”

“இடமில்ல அத்தை. வீடு நிறைஞ்சிருச்சு. உங்ககிட்ட ஒரு அறை கிடைக்குமான்னு...”

“அடேயப்பா! ரத்த சொந்தத்தை வெளிய தள்ளிட்டு அந்நியனைப் படுக்க வைக்கிறாளா மகாராணி!” அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. சட்டென்று தன் கொடியின் நினைவு வந்தது. “என்கிட்டயும் எல்லாம் ஃபுல்தான். உன் அதிர்ஷ்டம், ஒருத்தங்க இன்னைக்குக் காலைலதான் காலி பண்ணாங்க.”

நாற்பது கேட்டாள். முப்பத்தைந்தில் நின்றோம்.

மாடிப்படியில் செருப்பு எதுவும் இல்லை. மூன்று அறைகளின் கதவுகளும் சாத்தியிருந்தன. அவள் கீழே போனதும் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். முதல் அறையில் கட்டில்மேல் வெறும் மெத்தை. இரண்டாவதிலும் அதுவே. மூன்றாவது எனக்குக் கொடுத்தது. மேசைமேல் விருந்தினர் எழுதும் நோட்டில் கடைசித் தேதி ஆகஸ்ட் பத்தொன்பது. ஆறு விரிப்பும் வெளியே காற்றில் ஆடிக்கொண்டிருந்தன. அவற்றிலும் யாரும் படுக்கவில்லை.

காபி குடிக்கலாம் என்று கீழே இறங்கினேன். பெரினா கயிற்றை இழுத்து அந்த நீல உறையைத் தன் பக்கம் கொண்டுவந்து எடுத்தாள். அது நன்றாகவே காய்ந்திருந்தது. அதைக் குழாயில் பிடித்து நனைத்தாள், பிழிந்தாள், மறுபடி கிளிப் போட்டுச் சித்தியின் ஜன்னலை நோக்கி ஓட்டினாள். திரும்பியபோதுதான் நான் நிற்பதைக் கண்டாள்.

“அழகா இருக்கே அத்தை. எங்க வாங்கினீங்க?”

“சந்தையில.”

“மூலையில க்வேதான்னு பேர் தைச்சிருக்கே?”

அவள் காபியை ஊற்றினாள். சர்க்கரை போட்டாள். கலக்கினாள்.

“காத்துல வந்து விழுந்துச்சு. மூணு வருஷம் முன்னால, மலையிலேர்ந்து பூராங்கிற பேய்க்காத்து அடிச்ச அன்னைக்கு. என் முத்தத்துல விழுந்தது என்னோடது.”

மூன்று வருடத்துக்கு முன் அந்த உறை தொலைந்ததற்காகச் சித்தி க்வேதாவிடம் அழுது மன்னிப்புக் கேட்டதும், கடைகடையாக அலைந்து புதிது வாங்கிக் கொடுத்ததும் எனக்குத் தெரியும். வியன்னாவில் இருந்த எனக்குப் போன் போட்டு அரை மணி நேரம் புலம்பினாள்.

“இத்தனை நாள் வச்சிருந்துட்டு இப்ப எதுக்கு அத்தை தொங்கவிடுறீங்க?”

“இந்த வருஷம் அவங்க வரலைன்னு தெரிஞ்சுது. கொஞ்சம் எரியட்டுமேன்னுதான்.” பிறகு கோப்பையைப் பார்த்துக்கொண்டே பேசினாள். “எனக்கு ஒம்பது புள்ளி நாலு. வர்றாங்க, பிரமாதம்னு எழுதுறாங்க, போறாங்க. ஒருத்தராவது ரெண்டாம் தடவை வந்திருப்பாங்களா? ஒரு கிறிஸ்துமஸ் அட்டை வந்திருக்குமா? அவளுக்கு வருஷா வருஷம் அட்டை வரும். தபால்காரர் அதைப் படிக்கட்டுல நின்னு சத்தமா வேற படிப்பாரு. ஜாம்ல அப்படி என்னத்தைப் போடுறா உங்க சித்தி?”

ஆறு வருடத்தில் நான் தங்கிய எந்த வீட்டுக்கும் இரண்டாம் முறை போனதில்லை. யாருக்கும் அட்டை எழுதியதும் இல்லை. காபியை வேகமாகக் குடித்துவிட்டு மாடிக்குப் போய்விட்டேன்.

மறுநாள் காலை ரொட்டி வாங்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டுச் சித்தியின் வீட்டுக்குள் நுழைந்தேன். அவள் கதவுக்குப் பின்னாலேயே நின்றிருந்தாள்.

“பாத்தியா? எந்த அறை குடுத்திருக்கா அவங்களுக்கு?”

“அங்க யாருமே இல்ல சித்தி. நான் மட்டும்தான். ஆறும் சும்மா தொங்குது, உன்னோடது மாதிரியே.”

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். உறை எப்படி அங்கே போனது என்று சொன்னதும் சிரிப்பு நின்றது. “திருடி,” என்றாள், ஆனால் கோபமில்லாமல். எடுத்துக்கொண்டு போனது உறையை மட்டும்தான், ஆட்களை இல்லை என்கிற நிம்மதி முகத்தில் தெரிந்தது. அட்டை விஷயத்தை நான் சொல்லவில்லை. அது பெரினாவுடையது.

“அப்ப ஏன்டி அவங்க வரல? உடம்புக்கு எதுவும் ஆயிருக்குமோ?” இப்போது வெட்கம் பார்க்காமல் அவளே எண்ணை அழுத்தினாள். ஸ்பீக்கரில் போட்டாள். ஹவெல்கா எடுத்தார். பின்னணியில் கடல் இரைந்தது.

“விங்கா! நானே கூப்பிடணும்னு நினைச்சேன்...” என்று இழுத்தார்.

“எங்க இருக்கீங்க?”

“அது வந்து... அல்பேனியாவுல. பென்ஷன் பத்தல விங்கா. இங்க பாதி விலைக்கு வீடு கிடைச்சுது. உனக்கு எப்படிச் சொல்றதுன்னு க்வேதா ஒரு வாரமா தூங்கல.”

“அதனாலென்ன. நல்லா இருங்க. எனக்கும் இங்க ஆள் ஜாஸ்தி,” என்றாள் சித்தி. கை மட்டும் மேசை விரிப்பின் நூலைப் பிய்த்துக்கொண்டிருந்தது.

அப்போது போனுக்குள் ஒரு பெண்குரல் கேட்டது. உடைந்த இத்தாலிய மொழியில், சிரித்துக்கொண்டே, ஏதோ கேட்டது.

“யாரது?”

“வீட்டுக்காரம்மா. ரொம்ப நல்லவங்க. சாப்பிட்டீங்களான்னு கேட்டுக்கிட்டே இருப்பாங்க.”

சித்தி போனை வைத்துவிட்டாள். பிறகு, “என்ன ஜாம் போடுறாளாம் அவ?” என்று சுவரைப் பார்த்துக் கேட்டாள். எழுந்து போய் முன்னறைக் கதவைத் திறந்து, கட்டிலின் விரிப்பை நீவி விட்டாள். “நீ போ. ரொட்டி வாங்கப் போனவளைக் காணோம்னு அவ தேடுவா,” என்றாள்.

நான் ரொட்டியோடு திரும்பியபோது பெரினா ஜன்னலோர மேசையில் காலைச் சாப்பாட்டை வைத்திருந்தாள். ஜாம் கடையில் வாங்கியதுதான். நான் ரொட்டியை அறுக்கத் தொடங்கினேன்.

எதிர் ஜன்னல் திறந்தது. சித்தியின் கை வெளியே நீண்டது. அவசரமில்லாமல், தன் வீட்டுத் துணியை எடுப்பதுபோலவே, பெரினாவின் கயிற்றிலிருந்து கிளிப்பைக் கழற்றி நீல உறையை எடுத்தது. உதறியது. சித்தியின் சொந்தக் கொடியில், சுருக்கம் இல்லாமல் இழுத்துப் போட்டு, இரண்டு கிளிப் மாட்டியது. பிறகு கயிற்றை இழுக்க ஆரம்பித்தது. கப்பி கிரீச்சிட்டது. உறை மெல்ல நகர்ந்து சந்தின் நடுவுக்கு, எல்லோரும் பார்க்கிற இடத்துக்கு வந்து நின்றது.

கீழே காய்கறி வண்டிக்காரர் அண்ணாந்து பார்த்தார். “விங்கா! உங்க செக் நாட்டுக்காரங்க வந்துட்டாங்க போல!”

“நேத்தே வந்துட்டாங்க,” என்று மேலிருந்து குரல் வந்தது. “ரெண்டு கிலோ தக்காளி குடு. அவங்களுக்குப் பிடிக்கும்.”

பெரினாவின் முகம் சிவந்து வெளுத்தது. வாயைத் திறந்தாள். அந்த உறை யாருடையது, இத்தனை நாள் எங்கே இருந்தது என்று சொல்லாமல் ஒரு வார்த்தை பேச அவளுக்கு வழியில்லை. மூடிக்கொண்டாள். என் தட்டின் பக்கம் ஜாமை நகர்த்தினாள்.

“என்ன ஆச்சு அத்தை உங்க உறை?” என்றேன்.

“காத்து,” என்றாள்.

அன்று ஓர் இலைகூட அசையவில்லை.