"இனிப்பு நீர் மட்டும் பாருங்க, மிஸ்ஸி"

விரல்ல ஊசி குத்துறது ரெண்டு செகண்ட் வேலை. குத்திக்க ஆளை உட்கார வைக்கிறதுக்குள்ளதான் என் ஆயுசுல பாதி போயிடுது. மலேசியாவுல, பத்து பாகாட் ஊர்ல தாதியா, அதான் நர்ஸா இருக்கேன்; இங்க எல்லாருக்கும் நான் 'மிஸ்ஸி'. வெட்கப்படுற ஜனங்களோட மல்லுக்கட்டுற எல்லாரும் என் கட்சிதான், கேளுங்க. பேரெல்லாம் மாத்திட்டேன்.

ரெண்டு மேசை

கோயில் மண்டபத்துல மருத்துவ முகாம். ஒரு மேசையில இனிப்பு நீர், அதான் சர்க்கரை வியாதிப் பரிசோதனை, என் மேசையில எச்.ஐ.வி. அந்தப் பக்கம் வாசல் வரைக்கும் வரிசை. என் பக்கம் ஈ காக்கா கூட இல்ல. எனக்குத் தெரிஞ்ச லெட்சுமியக்காவை நானே கையைப் பிடிச்சுக் கூப்பிட்டேன். வெடுக்குன்னு உதறிட்டாங்க. "நாங்க நல்ல குடும்பம். இனிப்பு நீர் மட்டும் பாருங்க, மிஸ்ஸி!"

ஜொகூர் பாரு பஸ்

அடுத்த மாசமே அவங்க மருமக தேவி கிளினிக்குக்கு வந்தா, நாலு மாசக் கர்ப்பிணி. எல்லாக் கர்ப்பிணிக்கும் எடுக்கிற ரத்தம்தான். எச்.ஐ.வி. இருக்குன்னு வந்துச்சு. அன்னிக்கே மாத்திரை ஆரம்பிச்சோம். தவறாமப் போட்டா பிள்ளையைக் காப்பாத்திடலாம்.

புருஷன் சிவாவுக்கும் இருந்துச்சு. கல்யாணத்துக்கு முன்னாடியே சந்தேகமாம். இங்க பார்க்கலாம்னா கவுண்டர்ல பெரியம்மா வீட்டுக்குப் பக்கத்து வீட்டம்மா. ஜொகூர் பாருவுக்கு பஸ் ஏறியிருக்காரு. அங்க கிளினிக் பெஞ்சுல யாரு? அப்பாவோட கூட்டாளி! அலமாக், ரத்தமே குடுக்காம ரெண்டு பேரும் ஆளுக்கொரு வாசல்ல ஓட்டம். எனக்குச் சிரிப்பும் வந்துச்சு, கோபமும் வந்துச்சு. சிவா அழுதுட்டாரு. "யாராச்சும் பார்த்துடுவாங்கன்னுதான் பயந்தேன் மிஸ்ஸி, தேவியை நினைக்கவே இல்ல."

முதல் வளையல்

மாமியார்கிட்ட தேவியே சொன்னா. அன்னையிலேருந்து தட்டு தனி, குவளை தனி. வளைகாப்பே வேணாம்னுட்டாங்க லெட்சுமியக்கா. தேவி கூப்பிட்டு வீட்டுக்கே போனேன். தொட்டா ஒட்டாதுன்னு தொண்டைத் தண்ணி வத்தப் பேசினேன்.

அரை மனசா ஒத்துக்கிட்டாங்க, ஏழாம் மாசம் வளைகாப்பு நடந்துச்சு. முதல் வளையல் மாமியார் போடணும். அவங்க வளையலைக் கையில வச்சுக்கிட்டே நிக்கிறாங்க. தேவி கையை நீட்டிக்கிட்டே இருக்கா. போட்டாங்க! கன்னத்துல சந்தனத்தையும் அப்பிட்டு ஒரு அதட்டல். "அழாத. மாத்திரை சாப்டியா?"

அதே மண்டபம்

பிள்ளைக்கு ஒன்றரை வயசுல கடைசி எச்.ஐ.வி. பரிசோதனை. இல்ல! இல்லவே இல்ல! கிளினிக்குன்னும் பார்க்காமக் கத்திட்டேன்.

அடுத்த முகாம்ல லெட்சுமியக்கா பேத்தியை இடுப்புல வச்சுக்கிட்டு நேரா என் மேசைக்கு வந்தாங்க. பின்னாடி நாலு பொம்பளைங்க. மருமக பேச்சே எடுக்கல. உட்கார்ந்து விரலை நீட்டினாங்க. "நாங்க நல்ல குடும்பம்தான், மிஸ்ஸி. எங்களுக்கும் இதைப் பாருங்க."

பதினாலு வருஷமா நான் ஒட்டின போஸ்டர் செய்யாத வேலையை ஒரு மாமியார் அஞ்சு நிமிஷத்துல முடிச்சுட்டாங்க, சம்பளம் மட்டும் எனக்குத்தான் வருது.