வலப்பக்க இருக்கை

நானும் அம்மாவும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை, பூச்சி துடைத்தது.

சிறிய விமானம் பறந்துவிட்டு இறங்கினால் இறக்கையின் முன்விளிம்பு முழுக்கப் பூச்சிகள் அப்பிக் கிடக்கும். காய்ந்துவிட்டால் லேசில் வராது. சுரண்டினால் பெயின்ட் போய்விடும். ஈரத்துணியை மேலே போட்டு ஊறவிட்டுத் துடைக்க வேண்டும். இடது இறக்கை அவளுக்கு, வலது எனக்கு. ஞாயிற்றுக்கிழமை பிற்பகல். கொட்டகையின் தகரக் கதவு பாதி திறந்திருந்தது. வெயில் விமானத்தின் வால்வரை வந்து நின்றது.

"அழுத்தாதடி. அது என்ன அடிப்பிடிச்ச பாத்திரமா?"

"நான் அழுத்தல. பூச்சிதான் விடமாட்டேங்குது."

"உன்ன மாதிரிதான். சின்ன வயசுல உன்ன இடுப்புலேர்ந்து பிரிச்சு எடுக்கறதுக்குள்ள எனக்கு ஆபீஸ் நேரமாயிடும்."

துடைத்து முடித்ததும் துணிகளைப் பிழிந்து கம்பியில் போட்டாள். நான் பேருந்துக்குக் கிளம்பினேன். செவ்வாய்க்கிழமை காலை, மொட்டைமாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தபோது விழுந்தாள். இதயம். மாமா ஓடி வருவதற்குள் உயிர் போய்விட்டது.

அம்மா தபால் நிலையத்தில் பார்சல் கவுண்டரில் வேலை பார்த்தவள். சேர்ந்த நாளிலிருந்து ஓய்வு பெறும்வரை அதே கவுண்டர், அதே தராசு. பெட்டியைக் கையில் வாங்கும்போதே எடையைச் சொல்லிவிடுவாள். தராசு அதற்குப் பிறகு ஒப்புக்கொள்ளும். பார்சல் வாங்க வருகிறவர்களிடம் ஒரே வாக்கியத்தைத்தான் வாழ்நாள் முழுக்கச் சொன்னாள்: "பிரிச்சுப் பாத்துட்டுக் கையெழுத்துப் போடுங்க." யாரும் கேட்டதில்லை. கையெழுத்துப் போட்டு, வீட்டுக்குப் போய்ப் பிரித்து, உடைந்த பொருளோடு திரும்பி வந்து அவளிடம் சண்டை போடுவார்கள்.

கவுண்டருக்குப் பின்னால் இருந்த ஜன்னல் வழியாக ஒரு சிறிய ஓடுதளம் தெரியும். பறக்கும் கிளப்பினுடையது. சாப்பாட்டு நேரத்தில் அந்த ஜன்னல் பக்கம்தான் உட்காருவாள். அப்பா போன பிறகு ஒரு சனிக்கிழமை, சாலையைக் கடந்து அந்தப் பக்கம் போய்ப் பெயர் கொடுத்துவிட்டு வந்தாள். எங்களிடம் சொன்னது ஒரு மாதம் கழித்து.

அவளுடைய தம்பி, என் மாமா, சிரித்துப் புரண்டார். அக்காவுக்கு ஸ்டூலில் ஏறி பல்பு மாற்றத் தெரியாது. ஒவ்வொரு முறையும் அவர்தான் வர வேண்டும். "கூரை ஏறிக் கோழி பிடிக்கத் தெரியாதவங்க வானம் ஏறி வைகுண்டம் போறாங்களாம்" என்று தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார். லைசென்ஸ் வந்த அன்று அவரைக் கூப்பிட்டு அதைக் காட்டினாள். காட்டிவிட்டு, கூடத்தில் பல்பு போய்விட்டது, மாற்றிக் கொடுத்துவிட்டுப் போ என்றாள்.

கிளப்பில் அவளுக்குப் பார்சலம்மா என்று பெயர். அவளுக்குக் கற்றுக்கொடுத்தவரை எல்லோரும் கேப்டன் என்பார்கள். அவளைவிடப் பத்து வயது இளையவர், அதிகம் பேசாதவர். கிளப் விமானம் பழையது, இருக்கைகள் ஒன்றன்பின் ஒன்றாக இருக்கும். கேப்டன் பின்னால், அவள் முன்னால். ஒருநாள் என்னை அழைத்துப் போய் அதைக் காட்டினாள். என்னை ஏற்றிக்கொண்டு ஒரு சுற்று வரலாமா என்று கேட்டாள். நான் பின்னிருக்கையைப் பார்த்தேன். வேண்டாம் என்றேன்.

அவள் ஏன் என்று கேட்கவில்லை. அவளுக்குத் தெரியும்.

எனக்கு அம்மாவின் முதுகு நன்றாகத் தெரியும். சைக்கிள் கேரியரில் உட்கார்ந்து பள்ளிக்குப் போனேன், அப்போது முதுகு. பிறகு மொபெட், அதே முதுகு. அப்பா பழைய கார் வாங்கியபோது முன்னால் அவர்கள் இருவர், பின்னால் நான். எங்கேயாவது போகும்போது அவள் பாட்டு முணுமுணுப்பாள், தன்னோடு பேசிக்கொள்வாள், சிரிப்பாள். எல்லாம் காற்றில் அரைகுறையாக எனக்கு வரும். எதைப் பார்த்துச் சிரிக்கிறாள் என்று தெரியாது. "என்னம்மா?" என்று கத்துவேன். "ஒண்ணுமில்ல" என்று காற்று பதில் சொல்லும். போகிற வழியில் அவள் முகம் எப்படி இருக்கும் என்பது எனக்குத் தெரியாமலே நான் வளர்ந்து, மோட்டார் பராமரிப்பு படித்து, வேறு ஊரில் நீரேற்று நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்துவிட்டேன்.

ஓய்வு பெற்றதும், அப்பாவின் லாரிப் பட்டறையை விற்றுவிட்டு, ஒரு இலகுரக விமானத்துக்குச் சொல்லிவைத்தாள். புதிது, இரண்டே இருக்கை. தொலைபேசியில் ஒரு விஷயத்தைத்தான் சொன்னாள்.

"பக்கத்துப் பக்கத்துல சீட்டு. பின்னாடியே உக்காந்து வளந்துட்ட. இனிமே பக்கத்துல உக்காரு."

விமானம் வரத் தாமதமாகிக்கொண்டே போனது. முதலில் இன்ஜின் வரவில்லை. பிறகு கண்ணாடி மூடி வரவில்லை. மாமா தினமும் விசாரிப்பார்: "அக்கா, பார்சல் வந்துச்சா?" ஊருக்கெல்லாம் பார்சல் கொடுத்தவள் தன் பார்சலுக்குக் காத்திருந்தாள். காத்திருந்த நேரத்தில் தொழிற்சாலைக்குப் போன் செய்து விமானத்தில் ஒவ்வொரு வசதியாகச் சேர்த்துக்கொண்டே இருந்தாள் என்பது பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

ஒரு சிக்கல் இருந்தது. புது விமானம் கிளப்புக்கு வந்துவிட்டால், முதல் சர்வீஸ் முடியும்வரை ஓட்டுபவரைத் தவிர வேறு யாரும் ஏறக் கூடாது. இது கேப்டனின் சட்டம். இன்ஜின் பழகும்வரை அடுத்தவர் உயிரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளக் கூடாது என்பார். ஆனால் தொழிற்சாலையிலிருந்து கொண்டுவரும் வழியில் அந்தச் சட்டம் செல்லாது. அதனால் கொண்டுவரும்போதே என்னை ஏற்றிக்கொள்வது என்று அம்மா முடிவு செய்தாள். எடைக் கணக்கும் போட்டுவிட்டாள். விமானம், நிறைந்த டாங்க், அவள், நான், ஆளுக்கொரு கைப்பை. விமானம் தூக்கக்கூடிய எடைக்குச் சரியாக இருக்கும் என்றாள். இரவுச் சாப்பாட்டைக்கூடப் பாதியாகக் குறைத்துக்கொண்டாள்.

நாங்கள் ரயிலில் போனோம். தொழிற்சாலை ஒரு ஓடுதளத்தின் ஓரத்தில் இருந்தது. நீளமான கூடம், வெள்ளைத் தரை, பிசின் வாடை. நடுவில் எங்கள் விமானம். வெள்ளை உடல், வாலில் ஒரு நீலக்கோடு. அதை ஒப்படைக்கும் டெலிவரிக்காரர் சிரித்த முகமாகக் காகிதங்களையும் பேனாவையும் நீட்டினார். முதலில் படம் எடுத்துக்கொள்கிறீர்களா என்றும் கேட்டார்.

அம்மா பேனாவை வாங்கவில்லை. "பிரிச்சுப் பாத்துட்டுப் போடறேன்" என்றாள்.

பார்த்தாள். இன்ஜின் மூடியைத் திறந்து அதில் பொறித்திருந்த எண்ணைக் காகிதத்தோடு ஒப்பிட்டாள். இறக்கையின் அசையும் பகுதிகளை ஒவ்வொன்றாக அசைத்தாள். டயரை அழுத்தினாள். டெலிவரிக்காரர் ஒரு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். மதியம் தொழிற்சாலை விமானியோடு ஒரு சுற்றுப் பறந்து பார்த்துவிட்டு இறங்கினாள். முகம் சிவந்திருந்தது. "வெண்ணெய் மாதிரி போகுதுடி" என்றாள்.

கடைசியாக எடைச் சீட்டு. மூன்று சக்கரங்களுக்கும் கீழே தராசு வைத்து, கட்டி முடித்த விமானத்தை எடை பார்த்து எழுதியது. அதை வாங்கிப் படித்தவள் இன்னொரு முறை படித்தாள். திரும்ப எடை போடச் சொன்னாள். மறுக்காமல் போட்டார்கள். அதே எண்தான்.

அவள் கணக்குப் போட்டது விளம்பரப் புத்தகத்தில் இருந்த எடையை வைத்து. அது வெறும் விமானத்தின் எடை. அவள் சேர்த்தவை அதில் இல்லை. என்னென்ன சேர்த்தாள் என்று டெலிவரிக்காரர் விரலைக் காட்டிச் சொல்லிக்கொண்டே போனார். எனக்கு முதுகுவலி உண்டு என்பதால் வலப்பக்கம் தடித்த மெத்தை. எனக்குக் குளிர் ஆகாது என்பதால் வலப்பக்கக் காலடியில் வெப்பக்காற்றுக் குழாய். எங்கே போகிறோம் என்று நானும் பார்க்க வலப்பக்கம் இன்னொரு திரை. கைப்பிடி. வெயில் மறைப்பு. எல்லாமே வலப்பக்கம். எல்லாம் சேர்ந்து, அவள் கவுண்டரில் "இது தாங்காதுங்க" என்று திருப்பி அனுப்புகிற பெட்டியின் எடை.

"என் சீட்ட சொகுசாக்கறேன்னு என்னையே இறக்கி விட்டுட்டியா?" என்றேன். சிரிக்கத்தான் சொன்னேன்.

அவள் சிரிக்கவில்லை. "கைல தூக்கிப் பாக்காம எடை சொன்னேன் பாரு. அதான்."

விடாமல் முயன்றாள். கைப்பைகளை இறக்கினாள். கருவிப் பையை இறக்கினாள். தன் காலணியைக் கழற்றிக் கையில் வைத்து எடை பார்த்தாள். மெத்தையை எடுத்துவிடலாமா என்றாள். எடுத்தால் உங்கள் பெண் எதன்மேல் உட்காருவார் என்றார் டெலிவரிக்காரர். பெட்ரோலைக் குறைவாகப் போட்டுக்கொண்டு பாதி வழியில் இறங்கி நிரப்பலாம் என்று அவரே வழி சொன்னார். பாதி வழியில் இருந்த ஒரே ஓடுதளத்துக்குப் போன் போட்டாள். அங்கே பம்ப்பைப் பிரித்துப் போட்டிருந்தார்கள்.

நான் ரயிலில் வருகிறேன் என்றேன்.

சற்று நேரம் இறக்கையில் கை வைத்தபடி நின்றாள். பிறகு வலப்பக்க இருக்கையின் பெல்ட்டை இழுத்துக் கட்டினாள். காலி இருக்கையின் பெல்ட் அவிழ்ந்து கிடந்தால் கட்டுப்பாட்டுக் கம்பியில் சிக்கிக்கொள்ளும், கட்டிவிடுவது முறை. அவள் அதை ஆள் இருப்பதுபோல் இழுத்துச் சரிபார்த்தாள்.

"சீட்டு எங்கயும் ஓடிப்போயிடாது" என்றாள்.

ஓடுதளத்துக்குப் போகும் வழியில் விமானம் என் எதிரே வலப்பக்கத்தைக் காட்டிக்கொண்டு கடந்தது. காலி இருக்கைக்கு அந்தப் பக்கம் அவள் முகம் தெரிந்தது. உதடு அசைந்துகொண்டிருந்தது. பாட்டா, தனக்குத்தானே பேச்சா, தெரியவில்லை. பிறகு ஓடியது, எழுந்தது, சிறியதானது. இரண்டு கைப்பைகளையும் கருவிப் பையையும் தூக்கிக்கொண்டு நான் ரயில் நிலையத்துக்குப் போனேன்.

எனக்கு முன்பே அவள் ஊர் சேர்ந்துவிட்டாள். பிளாட்பாரத்தில் காத்திருந்தாள். வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் சொன்னாள்: ஆறு எப்படி வளைகிறது, மலைக்கு மேல் காற்று எப்படித் தூக்கியது என்று. நான் மொபெட்டில் பின்னால் உட்கார்ந்திருந்தேன். பாதிதான் காதில் விழுந்தது.

அதன்பின் தனியாகப் பறந்து இன்ஜினைப் பழக்கினாள். காற்று அடங்கிய காலைகளில் எல்லாம் போனாள். கிளப்பில் சிலர் பார்சலம்மாவுக்கு ஆசை அடங்கவில்லை என்றார்கள். ஆசையோடு அவசரமும் இருந்தது. முதல் சர்வீஸுக்கான பறக்கும் நேரத்தை நிரப்பிக்கொண்டிருந்தாள். வார விடுமுறையில் நான் வந்தால் வேலியோரம் நின்று பார்ப்பேன். இறங்கியதும் துடைக்கப் போவேன். துடைக்கும்போது இருக்கைகளுக்கு மேலே கண்ணாடி மூடி திறந்துதான் இருக்கும். ஏறி உட்கார்ந்து பார்த்திருக்கலாம். பறக்கும்போதுதான் உட்காருவேன் என்று வைராக்கியமாக இருந்தேன்.

எல்லாம் முடிந்த பின் மாமா கொட்டகைக்கு வந்தார். விமானத்தை ஒருமுறை சுற்றி வந்தார். "ஏறிட்டாளேடி" என்றார். கேப்டன் என்னிடம் தனியாகச் சொன்னார்: சர்வீஸ் முடியட்டும், நான் ஓட்டுகிறேன், நீ பக்கத்தில் உட்கார். நல்ல மனதோடுதான் சொன்னார். தலையாட்டினேன். எனக்கு வேண்டியது அந்த இருக்கை மட்டும் இல்லை என்று அவருக்கு எப்படிச் சொல்வது?

போன வாரம் அம்மாவின் தொலைபேசிக்கு ஒரு அழைப்பு வந்தது. உதிரிபாகக் கடைக்காரர். குரல் கொஞ்சம் கோபமாக இருந்தது.

"என்ன பார்சலம்மா, அவ்ளோ அவசரப்படுத்துனீங்க. ஆயில் ஃபில்டர் வந்து கெடக்கு. ஆளையே காணோம்?"

நான் அவருடைய மகள் என்றேன். விஷயத்தைச் சொன்னேன். கடைக்குள் யாரோ எதையோ தட்டும் ஒலி மட்டும் கேட்டது.

"சனிக்கிழமை பொண்ணு வரா, அதுக்குள்ள சர்வீஸ் முடிக்கணும்னு சொன்னாங்கம்மா" என்றார். "இங்கயே இருக்கட்டும். எப்ப வேணா வாங்க."

ஆயில் ஃபில்டர் உள்ளங்கையில் அடங்குகிற பொருள். அதை மாற்றினால் முதல் சர்வீஸ் முடிந்தது. அந்த வாரப் புதன்கிழமை காலை பேருந்தில் போய் வாங்கி வருவதாக இருந்தாளாம்.