நண்டு துளைத்த வரப்பு

தேவகிக்கு நண்டு என்றாலே ஆகாது. குழம்பில் கிடந்தாலும் ஆகாது. பள்ளிகொண்டாவை ஒட்டிய ஓர் ஏரிக்குக் கீழே அவளுக்கு அறுபது சென்ட் நெல் வயல். கணவன் பச்சையப்பன் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் வாட்ச்மேன். ஞாயிற்றுக்கிழமை வருவார், வரப்பில் ஒரு நடை நடப்பார், "பயிரு நல்லாத்தான் கீது" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறிவிடுவார். யாரால் நல்லாயிருக்கிறது என்று ஒரு நாளும் கேட்டதில்லை. இருபத்தாறு வருடமாக அந்த நிலத்தோடு மல்லுக்கட்டுவது தேவகி. தேவகியோடு மல்லுக்கட்டுவது நண்டு.

ஏரித் தண்ணீர் எட்டு நாளைக்கு ஒரு முறைதான் அவள் மடைக்கு வரும். அன்றைக்குக் கணுக்கால் மூழ்க நிறுத்துவாள். மூன்றாம் நாள் போய்ப் பார்த்தால் சேறு தெரியும். வெயில் குடித்தது கொஞ்சம்தான். மிச்சமெல்லாம் வரப்புக்குள் இருக்கும் நண்டு வளை வழியாகக் கீழ் வயலுக்குப் போயிருக்கும். வயலில் தண்ணீர் இறங்க இறங்க, நண்டும் ஈரத்தைத் தேடி ஆழமாகத் தோண்டிக்கொண்டே போகும். அடுத்த முறை வருவதற்குள் வளை வரப்பின் மறுபக்கத்தைத் தொட்டுவிடும்.

வளையைப் பார்த்ததுமே உள்ளே ஆள் இருக்கிறதா இல்லையா என்று தேவகி சொல்லிவிடுவாள். வாயில் ஈர மண் உருண்டைகள் கிடந்தால் இருக்கிறது. சிலந்தி கூடு கட்டியிருந்தால் காலி. காலி என்றாலும் நிம்மதியாக இருக்க முடியாது. தவளை குடிவரும், அப்புறம் எலி வரும், எலி அதை இன்னும் அகலமாக்கும். போகிறதுதான் போகிறது, அடைத்துவிட்டுப் போகக் கூடாதா என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

கீழ் வயல் காசியுடையது. பச்சையப்பனுக்குச் சித்தப்பா மகன், வயதில் இளையவன். சொந்தமாக போர் போட்டு மோட்டார் வைத்திருக்கிறான். ஆனாலும் சும்மா வரும் தண்ணீர் அவனுக்கு இனித்தது.

"இன்னா அண்ணி, இந்த வாட்டியும் அனுப்பிட்டியா? கேக்காமயே குடுக்கிற மனசு யாருக்கு வரும்?"

"உன் பக்கத்துலருந்து வெட்டி அடைச்சாத்தான் நிக்கும்பா. ஒரு நாள் வா, ரெண்டு பேருமா வெட்டலாம்."

"வரப்பு பொது. நண்டு உன்னுது. நீயே பேசிக்கோ."

வருடா வருடம் இதே பதில்.

இந்த வருடம் கதிர் பால் பிடிக்கும் நேரத்தில் வளைகள் பதினேழாகிவிட்டன. இப்போது நிலம் காய்ந்தால் மணியெல்லாம் பதராகிவிடும். அவள் சேற்றை உருட்டி அடைத்தால், மறுநாள் காலையில் அதைத் தள்ளி வெளியே வைத்திருந்தது நண்டு.

மகள் எழிலரசி அப்பா இருக்கும் கம்பெனியிலேயே தையல் பிரிவில் இருக்கிறாள். அங்கே வெட்டி மிஞ்சிய தோல் துண்டுகளை, வாசலுக்கு மிதியடி தைக்கலாமென்று ஒரு பை நிறையக் கொண்டுவந்து வைத்திருந்தாள். தேவகி ஒரு துண்டைத் தண்ணீரில் முக்கிப் பார்த்தாள். கெட்டியாக உப்பியது.

"அம்மா, அது ஷூ தோலு. நண்டுக்கு ஷூ போடப் போறியா?"

"மழையில ஷூ போட்டுக்கினு போனா தண்ணி உள்ள வருதா? வரலல்ல?"

"அது தச்சி ஒட்டினாத்தான் வராது."

"நீ தைக்கிறவ. நான் அடைக்கிறவ. போடீ."

ஒவ்வொரு வளைவாயிலும் தோலைத் திணித்து மேலே சேறு பூசினாள். இரண்டு நாள் ஒரு சொட்டு ஒழுகவில்லை. மூன்றாம் நாள் யாரிடமாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது. பேச ஆளில்லாமல் மாட்டிடம் சொன்னாள். அதற்குப் பிறகு தண்ணீர் வற்றி, வரப்பு வெயிலில் காய்ந்தது. உள்ளே தோலும் காய்ந்து, சுருங்கி, அப்பளம்போல விறைத்து நின்றது. அவள் அதைப் பார்க்கவில்லை. முறை நாளில் மடையைத் திறந்துவிட்டுக் கஞ்சி குடிக்கப் போனாள். வந்து பார்த்தால், தளர்ந்த இடமெல்லாம் தண்ணீர் புகுந்து, இரண்டு முழ நீளத்துக்கு வரப்பே விழுந்து கிடந்தது. அவளுடைய எட்டு நாள் தண்ணீர் மொத்தமும் காசி வயலில்.

காசி நடவை முந்திக்கொண்டவன். அவன் நெல் முற்றி, அறுப்புக்குக் காய்ந்து நின்றது.

"அண்ணி! நாளைக்குக் காலையில அறுக்கிற மிஷின் வருது! இந்தச் சேத்துல எப்படி எறங்கும்?"

"நண்டு என்னுதுதான். ஆனா எம்பேச்ச கேக்க மாட்டேங்குதே."

"பேஜார் பண்ணாத. மம்முட்டி எங்க கீது?"

இத்தனை வருடத்தில் முதல் முறையாக அவன் மண்வெட்டியை எடுத்துத் தன் பக்கத்திலிருந்து வெட்டினான். முதலில் தன் கடைமடையைத் திறந்து தண்ணீரை வடியவிட்டான். பிறகு இருவரும் வளையின் போக்கிலேயே முழங்கை ஆழத்துக்கு மண்ணைப் பிளந்தார்கள். ஒரு கறுப்புத் தோலைத் தூக்கிக் காட்டி, "இன்னா இது, வரப்புக்குச் செருப்பா?" என்றான். தேவகி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

கடைசி வளையில் ஒரு பெரிய நண்டு. தேவகி கையை ஓங்கியவள் அப்படியே நிறுத்தினாள். வயிற்று மடிப்புக்குள் மிளகு மிளகாகக் குஞ்சுகள் நெளிந்தன.

"இது வேறயா!" என்று பல்லைக் கடித்தாள். விரலில் கடி வாங்கிக்கொண்டே அதைக் கொண்டுபோய் வாய்க்காலில் விட்டுவிட்டு வந்தாள்.

களிமண்ணைக் கொட்டி, இருவரும் மிதித்து மிதித்து வரப்பை எழுப்பினார்கள். காசி கை கழுவப் போனான்.

"எங்க போற? மோட்டாரப் போடு."

"எனக்கு எதுக்கு? நானே தண்ணி வேணாம்னு கீறேன்."

"எனக்குப்பா. அடுத்த முறை வர எட்டு நாளு. அதுக்குள்ள எங்கதிரு பதராயிடும். எந்தண்ணிய உனக்கு எறக்கினது நண்டு. திரும்ப ஏத்திவிடச் சொன்னா அது ஏத்துமா? மோட்டாருதான் ஏத்தணும்."

காசி கழுவாத கையோடு போய் ஸ்விட்சைப் போட்டான். மேல் வயலுக்கு ஹோஸை இழுத்ததும் அவனேதான்.

தண்ணீர் கதிர்களுக்கடியில் மெல்லப் பரவியது. தேவகி புது வரப்பின் மேல் குதிகாலை ஊன்றி ஊன்றி நடந்தாள். எங்கும் ஒழுகவில்லை.

"போதுமா அண்ணி?" நிழலில் உட்கார்ந்திருந்த காசி எழுந்து வந்து கேட்டான்.

"அந்த மூலைக்கு இன்னும் வரல."

காசி மோட்டார் கொட்டகை நிழலில் மறுபடியும் உட்கார்ந்தான்.