பஞ்சர் கடை ஸ்டாப்பிங்

நூம்பல் தாட்சாயிணியின் மூளையில் பாதியை ஏழே முக்கால் பஸ்ஸே தின்றுவிட்டது. வேலப்பன்சாவடியில் ஏறி அம்பத்தூர் எஸ்டேட்டில் இறங்க வேண்டும். அங்கே ஒரு சட்டைக் கம்பெனியில் பதினோரு வருஷமாகக் காலர் தைக்கிறாள். புருஷன் போன பிறகு வீடும், மகள் வர்ஷாவின் காலேஜும் அந்தத் தையல் மெஷினில்தான் ஓடுகின்றன. நூம்பல், மாங்காடு பக்கமெல்லாம் வீடுகள் ஈசல் மாதிரி கிளம்பிவிட்டன. வேலை நேரத்துக்குப் பஸ் மட்டும் அவள் சேர்ந்த அன்று இருந்த அதே ஒன்றுதான்.

கூட்டத்தைக் கண்டால் டிரைவர் ஸ்டாப்பில் நிறுத்தமாட்டார். நூறடி தாண்டி, அப்துல் ரசாக்கின் பஞ்சர் கடை முன்னால் நிறுத்துவார். ஓட முடிந்தவர்கள் ஏறிக்கொள்ள வேண்டியது. தாட்சாயிணி கெட்டிக்காரி, பஞ்சர் கடையிலேயே நின்று முதல் ஆளாக ஏறிவிடுவாள். ஆனால் போன மாதம் ஒரு பிள்ளைத்தாய்ச்சி ஓடிவந்து தடுக்கி விழுந்ததைப் பார்த்ததும், அன்று ராத்திரியே உட்கார்ந்து மனு எழுதி, நூற்றுப் பத்துக் கையெழுத்து வாங்கிப் பணிமனையில் கொடுத்தாள். இன்னும் இரண்டு பஸ் விடுங்கள், இருக்கிற பஸ்ஸை ஸ்டாப்பில் நிறுத்துங்கள் என்று. யாரும் பதில் சொல்லவில்லை.

இதற்கிடையில் பஸ் வராமல் மூன்று நாள் லேட். "இன்னொரு தடவை லேட்டானா என்னால ஒண்ணும் பண்ண முடியாதுக்கா" என்று சூப்பர்வைசர் பிரசன்னா சொல்லிவிட்டான்.

திங்கட்கிழமை சீக்கிரமே வந்து பஞ்சர் கடை முன் நின்றாள். பஸ் வந்தது. கோடு போட்ட மாதிரி ஸ்டாப்பிலேயே நின்றது. பாவி மனுஷிக்கு ஒரு நொடி சந்தோஷம்கூட வந்தது.

"இன்னாம்மா நின்னுகினு கீற, ஓடு!" என்று கத்தினார் ரசாக்.

ஓடினாள். பாதி தூரம் போவதற்குள், படிக்கட்டில் ஆள் பிதுங்க, பஸ் எதிரே வந்துவிட்டது. கை காட்டினாள்.

"ஸ்டாப்பத் தவுர எங்கியும் நிறுத்தக் கூடாதுன்னு ஆர்டர்மா! எவனோ மனு குடுத்துகீறான்!" கண்டக்டர் சொல்லிக்கொண்டே போய்விட்டார்.

ஷேர் ஆட்டோவெல்லாம் பூந்தமல்லிக்கும் கோயம்பேட்டுக்கும்தான் கூவிக்கொண்டிருந்தன. எஸ்டேட் பக்கம் ஒன்றுகூட இல்லை. ரசாக் ஸ்டூலை நகர்த்திப் போட்டார்.

"அந்த மனுல நானும்தான் கையெழுத்து போட்டேன்" என்றார், குற்றம் செய்தவர் மாதிரி.

எட்டரைக்கு பிரசன்னாவின் போன் வந்தது.

"வந்துகினே கீறேன் தம்பி" என்று பொய் சொன்னாள்.

"வேணாம்க்கா. காலர்ல வேற ஆளு உக்காந்தாச்சு."

அடுத்த பஸ் ஒன்பதுக்கு வந்தது. அதுவும் ஸ்டாப்பிலேயே நின்றது. தாட்சாயிணி சாப்பாட்டுப் பையை மடியில் வைத்துக்கொண்டு, அது கிளம்பிப் போகும்வரை பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள்.